கேட்கிறானா, கேட்டானா, கேட்கட்டுமா?

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோக்காகப் பண்டைய எகிப்திய மொழி படித்துவருகிறேன். ‘ஸெஜெம்’ என்ற வினையில் மாட்டிக்கொண்டேன். ‘ஸெஜெமெஃப்’ என்றால் கேட்கிறான், ‘ஸெஜெமெனெஃப்’ என்றால் கேட்டான் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். ஆனால் பயிற்சியில் ஸெஜெமெஃப் என்பதற்கு ஓரிடத்தில் ‘அவன் கேட்கட்டும்’ என்று பொருள் போட்டிருக்கிறது. நான் படித்தது தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படித்தது சரி, மனப்பாடம் செய்ததுதான் வினை. முதலில் அந்த உச்சரிப்பை நம்பாதீர்கள். எகிப்தியர்கள் உயிரொலிகளை எழுதவில்லை. ஸ், ஜ், ம் என்ற மூன்று மெய்கள்தான் நம் கையில் இருக்கின்றன, அதையும் ஒரு மாட்டுக் காது, பக்கத்தில் ஓர் ஆந்தை என்று வரைந்து முடித்துவிடுவார்கள். நடுவில் வரும் ‘எ’ எல்லாம் வாயில் நுழைவதற்காக இந்தக் காலத்து அறிஞர்கள் போட்டுக்கொண்டது. அதனால்தான் பேச்சில் வேறு வேறாக ஒலித்திருக்கக்கூடிய வடிவங்கள் எழுத்தில் ஒரே மாதிரி நிற்கின்றன. கேட்கிறானா, கேட்கட்டுமா, ‘அவன் கேட்கும்போது’ என்பதா என்று முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். ஸெஜெமெனெஃப்பின் நடுவில் வரும் அந்த ‘ன்’னையும் இறந்தகாலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், செயல் முடிந்துவிட்டது என்பதுதான் அதன் வேலை.

அப்புறம் அந்த ‘ஃப்’. அதை நம் ‘ஆன்’ விகுதி மாதிரி நினைத்துக்கொள்ளத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் கண்ணன் கேட்டான் என்னும்போது நம் ‘ஆன்’ கூடவே இருக்கிறது. அங்கே ‘ரா கேட்கிறான்’ (ரா அவர்களுடைய சூரியக் கடவுள்) என்று சொல்ல ‘ஸெஜெம் ரா’ போதும், பெயர் வந்ததும் ஃப் போய்விடுகிறது. வீடு என்ற ‘பெர்’ உடன் அதே ஃப் சேர்ந்தால் ‘அவன் வீடு’. ஆக அது விகுதி இல்லை, ஒட்டிக்கொண்ட ‘அவன்’. எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான கோப்திய மொழியில் அது வினைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது: ‘அஃப்ஸோத்ம்’, அவன் கேட்டான்.

பொருள் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ‘சொன்ன பேச்சு கேட்கிறான்’ என்கிறோமே, ஸெஜெமுக்கும் அந்தக் கீழ்ப்படிதல் பொருள் இருக்கிறது. ப்தாஹோதெப் என்ற பண்டைய எகிப்திய அமைச்சரின் பெயரிலுள்ள அறிவுரை நூலின் கடைசிப் பகுதி முழுக்க இந்த ஒரே வினையை வைத்துத்தான் விளையாடுகிறது. கேட்பவனைக் கடவுள் நேசிக்கிறார், கடவுளால் வெறுக்கப்படுபவன் கேட்கமாட்டான் என்று போகும். அரசர் பள்ளத்தாக்கில் அரசர்களுக்குக் கல்லறை குடைந்த, தேர் எல்-மதீனா என்ற ஊரின் தொழிலாளர்களுடைய பட்டமும் ‘ஸெஜெம்-அஷ்’தான், கூப்பிடுவதைக் கேட்பவன், அதாவது பணியாள்.

அடையாளம் பிடிபட ஸெஜெமை விட்டுவிட்டு ‘மெரி’ (நேசி) போன்ற வினைகளில் பழகுங்கள். அங்கே சில வடிவங்களில் ‘ர’ இரட்டிக்கும், சிலவற்றில் இரட்டிக்காது, எழுத்திலேயே வித்தியாசம் தெரியும். அந்த இரண்டு ‘ர’வும் முதல்முறை கண்ணில் பட்டதும் எழுதுங்கள்.