கிராவல் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் பல்லை எண்ணுங்கள்

கேள்வி: கோத்தகிரியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 36. சனி, ஞாயிறுகளில் சைக்கிளிலேயே போய் கண்ணேரிமுக்கு சல்லிவன் பங்களா, குன்னூர் பக்கம் பக்காசுரன் மலைக்கோட்டை, உதகை ஸ்டீபன் தேவாலயம் என்று பழைய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆசை. பெரும்பகுதி தார் ரோடு, மீதி எஸ்டேட் மண் ரோடு. கோவையில் ஒரு கடையில் 65,000 ரூபாய்க்கு, தார் ரோட்டிலும் மண் ரோட்டிலும் ஓட்டுவதற்கென்று வளைந்த ஹேண்டிலோடு வரும் ஒரு கிராவல் சைக்கிள் காட்டினார்கள். என் தம்பியோ, "நம்ம மலைக்கு எம்டிபிதான், அதாவது மவுண்டன் பைக்தான் சரி, இந்த வளைஞ்ச ஹேண்டில் எதுக்கு?" என்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வேரும் பாறையுமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் எம்டிபிதான் வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் வழிகளில் முக்கால்வாசி தார். அங்கே எம்டிபியின் பருத்த டயரையும் முன்பக்க ஷாக் அப்சார்பரின் எடையையும் சுமந்துகொண்டு ஏறுவது வீண் உழைப்பு. வளைந்த ஹேண்டிலில் கையை மூன்று நான்கு விதமாக மாற்றிப் பிடிக்கலாம். இரண்டு மணி நேர ஏற்றத்தில் தோளும் மணிக்கட்டும் அதற்கு நன்றி சொல்லும். ஆகவே கிராவல் வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் காட்டிய அதே சைக்கிளா என்றால், அதை முடிவு செய்வது கியரும் பிரேக்கும்.

முதலில் கியர். கோவையின் சமதளத்தில் எந்த சைக்கிளும் பறக்கும். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து மலைக்கு வாங்கக் கூடாது. முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்திலும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்திலும் எத்தனை பல் என்று கேளுங்கள். பெரும்பாலும் சக்கரத்திலேயே எண் பொறித்திருக்கும். முன்னால் 34, பின்னால் 28 என்றால் வேண்டாம். முன்னால் 30, பின்னால் 34 கிடைத்தால் விடாதீர்கள். செங்குத்தான ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் இருந்தாலே நல்ல வேகம். அந்த வேகத்தில் 34க்கு 28 சைக்கிளில் பெடல் நிமிடத்துக்கு 50 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலைப் போட்டு அழுத்த வேண்டும். 30க்கு 34-இல் கிட்டத்தட்ட 70 சுற்று வரும், கால் லேசாக ஓடும். அந்த 20 சுற்றுதான் வீடு வரை மிதித்து வருவதற்கும் தள்ளிக்கொண்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். 12 அடிக்கு ஓர் அடி உயர்கிற ஏற்றம் அது. வெறும் சக்கரத்தால் ஏற முடியாது என்றுதான் தண்டவாளத்துக்கு நடுவே பல்பட்டை போட்டு, 1899-இல் குன்னூர் வரை ரயில் விட்டார்கள். நம் ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட்டுகளுக்கும் பிரியும் கிளை ரோடுகளில் அதைவிடச் செங்குத்தான துண்டுகள் உண்டு. நீராவி எஞ்சினுக்கே தனிப் பல் வேண்டியிருந்த மலையில், பின்சக்கரத்தில் ஆறு பல் கூடக் கேட்பது பேராசை இல்லை.

அடுத்தது பிரேக். இதில் நான் சமரசம் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். 33 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் இறக்கம். டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிளை இந்த ரோட்டுக்கு வாங்கவே வேண்டாம். டிஸ்க்கிலும் இரண்டு வகை. கேபிளில் இழுப்பது மெக்கானிக்கல். எண்ணெயில் அழுத்துவது ஹைட்ராலிக். 65,000 ரூபாய்க்குப் பெரும்பாலும் மெக்கானிக்கல்தான் வரும். அது மோசமில்லை. ஆனால் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பேட் தேயத் தேய நீங்களே திருகி நெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நவம்பரில் நான் அதைச் செய்யாமல் விட்டேன். தென்மேற்குப் பருவம் குந்தா, கூடலூர்ப் பக்கத்தை நனைக்கும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவம்தான் பெருமழை. மழை விட்ட நேரத்தில் இறங்கினேன். பாதி வழியில் பிரேக் லீவர் ஹேண்டிலைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. மண் மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். பேட்டைக் கழற்றிப் பார்த்தால் கறுப்புப் பூச்சு அங்கங்கே காகிதம் போல ஒட்டிக்கொண்டிருந்தது, ஓரத்தில் தகடு பளபளத்தது. ரோட்டரில், அதாவது பிரேக் டிஸ்க்கில், விழுந்த மழைத்துளி "ஸ்ஸ்" என்று ஆவியானது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றைக்குத் தெரிந்துகொண்டது: கடையில் வருவது பெரும்பாலும் ரெசின் (பிசின் கலவை) பேட். மழை, மண், நீண்ட இறக்கம் மூன்றும் சேர்ந்தால் சீக்கிரம் கரையும். மெட்டல் பேட் கூட நாள் வரும். ஆனால் விலை குறைந்த சில ரோட்டர்களில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருப்பார்கள். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் தேய்ந்துவிடும். வாங்கும்போதே குனிந்து அந்த எழுத்தைத் தேடுங்கள். இருந்தால், ரோட்டரை மாற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள். பேட் கனம் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். லீவர் உங்கள் விரலுக்கு எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். சின்னக் கைகளுக்கு அதை உள்ளே தள்ளி வைக்கத் திருகாணி இருக்கும். கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

டயர் 40 மில்லிமீட்டர் போதும், காற்று 35, 40 பிஎஸ்ஐ. கார்பன் ஃப்ரேம், எலக்ட்ரானிக் கியர் எதுவும் உங்களுக்கு வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலையையே சொல்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள்.

சரி, வழி. கண்ணேரிமுக்கிலிருந்தே தொடங்குங்கள். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீடு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருப்பது பெரிய கொடுப்பினை. கால் பழகிய பிறகு உதகைக்குப் போங்கள். ஸ்டீபன் தேவாலயத்தில் தலையை நிமிர்த்தி உத்தரங்களைப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம் அது. அவ்வளவு பெரிய மரங்களை அந்தக் காலத்தில் இந்த மலைமேல் எப்படி ஏற்றியிருப்பார்கள் என்பது, நீங்களே மிதித்து ஏறிப் போய்ப் பார்க்கும்போதுதான் உறைக்கும். பக்காசுரன் மலைக்கு மட்டும் கடைசிப் பகுதி நடைதான். எஸ்டேட் கேட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் டயர் வைக்க வேண்டாம். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், அப்போது ஓட்டாதீர்கள். மாவட்டத்தில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால், ஃப்ரேமில் இரண்டு பாட்டில் மாட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: குன்னூர் வாசகர் நான். புது கிராவல் சைக்கிள் வாங்கி 19 நாளில் பின்சக்கரத்தில் மூன்று கம்பி அறுந்துவிட்டது. கடையில் "மலையில் ஓட்டினால் அப்படித்தான், விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பில்லிலும் அப்படி அச்சடித்திருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். மண் ரோட்டுக்கென்றே விற்ற சைக்கிள் அது. மலையில் ஓட்டியதைக் குற்றமாகச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 'திரும்ப எடுக்க மாட்டோம்' என்று அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது.

உங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்புங்கள். அறுந்த கம்பிகளை அப்படியே படம் எடுங்கள். முக்கியமாக, வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரி செய்துவிடாதீர்கள். என் பழைய சைக்கிளில் ஃப்ரேம் வெல்டிங் விரிந்தபோது, அவசரத்தில் தெருமுனைக் கடையில் ஒட்டவைத்தேன். அப்புறம் நிறுவனம், "வெளியாள் கை வைத்துவிட்டார், வாரண்டி இல்லை" என்று கைவிரித்துவிட்டது. பில், வாரண்டி அட்டை எல்லாம் இருந்தும் பயனில்லை.

கடை அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உதகைக்குப் போனால் போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறேன். மதுரையில் ஒருவர் பழைய கார்பன் கிராவல் சைக்கிளை 40,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கார்பனில் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது, பெருமாள்மலை இறக்கத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. அதே பணத்துக்குப் பழைய அலுமினிய சைக்கிள் கிடைத்தால் பாருங்கள். பெடல் அச்சு நுழையும் இடத்துக்கு அடியில், ஃப்ரேமிலேயே, பெரும்பாலும் ஃப்ரேம் எண் பொறித்திருக்கும். விற்பவரின் பில்லோடு அதை ஒப்பிட்டு, அந்த எண்ணைக் குறிப்பிட்டு ரசீது எழுதி வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.