கேள்வி – பதில்: மரத்தடி விளையாட்டும் பிள்ளைகளின் எழுத்தும்

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் காகமும் நரியும், சிங்கமும் முயலும் என்று கேட்ட கதைகளையே திருப்பி எழுதுகிறார்கள். ஒரு மாறுதலுக்காக மைதானத்துக்கு அழைத்துச் சென்று, பார்த்ததை எழுதச் சொன்னேன். "மரம் இருந்தது. காக்கை இருந்தது. வெயில் அடித்தது" என்று மூன்று வரியோடு நிறுத்திவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

பதில்: பிள்ளைகள் மீது குறையில்லை. பார்த்ததை எழுது என்றால் பட்டியல்தான் வரும். பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், அவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். மரத்தை வெறுமனே பார்த்து நிற்கும் சிறுமிக்குச் சொல்லும்படியாக எதுவும் நடந்துவிடவில்லை. அதே மரத்தடியில் ஒரு வீட்டைக் கட்டி, அது இடிந்து விழ, அதில் குடியிருந்தவரை இனி எங்கே தங்கவைப்பது என்று தோழியோடு சண்டையும் போட்டவளுக்குச் சொல்லி மாளாது. ஆகவே பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வதோடு நின்றுவிடாமல், அங்கே ஒரு கற்பனை மனிதரையும் அவருக்கு ஒரு சிக்கலையும் கொடுத்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, கட்டைவிரல் உயரமே உள்ள ஒருவர் நேற்றிரவு நம் பள்ளி வேப்பமரத்தடியில் வந்து ஒதுங்கியிருக்கிறார், அவருக்கு வீடில்லை என்று சொல்லி, வகுப்பை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். கொட்டாங்குச்சி, சுள்ளி, புளியங்கொட்டை, உதிர்ந்த கொன்றைக் காய் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அவர்கள் வீடு கட்டட்டும். கட்டும்போதே கேள்விகள் முளைக்கும்: இவர் எதைச் சாப்பிடுவார், மழை வந்தால் எங்கே போவார், கட்டெறும்பு வந்தால் என்ன செய்வார்? தாழ்வாரத்து ஓரம் நனையாத புழுதி இருந்தால் அங்கே குழியானையின் குழிகள் கட்டாயம் இருக்கும். விளிம்பில் கால்வைத்துச் சறுக்கும் எறும்பின்மேல் மணலை வாரி இறைத்து, அதைக் குழியின் அடிக்கே கொண்டுவந்து பிடிக்கும் இந்தப் பூச்சி, நகரும்போது பின்பக்கமாக நகரும். கட்டைவிரல் மனிதர் அந்தக் குழியில் விழுந்துவிட்டால் எப்படி மேலே வருவார்? பின்பக்கமாகவே நடக்கும் ஓர் அரக்கனிடமிருந்து தப்புவது எளிதா, கடினமா? இந்தக் கேள்விக்கு எந்தக் கதைப் புத்தகத்திலும் ஆயத்த விடை கிடையாது என்பதால், காகமும் நரியும் இங்கே உதவிக்கு வர மாட்டா.

விளையாட்டு தொய்வடையும் தறுவாயில் நீங்களும் உள்ளே நுழையலாம். ஆசிரியரே ஒரு வேடம் ஏற்றுப் பிள்ளைகளின் கற்பனைக்குள் போகும் முறையை இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டோரத்தி ஹீத்கோட் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். நம் ஊருக்கு அது இன்னும் நன்றாகவே பொருந்தும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிராம நிர்வாக அலுவலராக வந்து நின்று, "இந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா? மரத்தடி புறம்போக்கு ஆயிற்றே!" என்று கேளுங்கள். பட்டா, புறம்போக்கு, மனு ஆகிய சொற்கள் பெரும்பாலான வீடுகளில் அன்றாடம் புழங்குபவைதாம். கட்டைவிரல் மனிதருக்காக ஒரு மனு எழுதித் தர வேண்டிய கட்டாயம் வந்துவிட்டால், அதுவரை பென்சிலைத் தொடாத பையனும் முதல் ஆளாகத் தாள் கேட்பான். (மனுவைப் படித்துவிட்டு, "அடுத்த வாரம் வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)

எழுத வைப்பதில் மூன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்து வேலை இருக்கிறது என்று முன்கூட்டியே அறிவித்தால், பிள்ளைகள் விளையாடுவதை விட்டுவிட்டு எது எழுத வசதி என்று பார்க்கத் தொடங்குவார்கள். ஆகையால் விளையாட்டு முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். முடிந்ததும் மறுநாளைக்குத் தள்ளாமல் வகுப்புக்கு வந்து, முதலில் வாயால் சொல்லவிட்டு, சூடு ஆறுவதற்குள் எழுதச் செய்யுங்கள். மூன்றாவது, என் பார்வையில் மிக முக்கியமானது: யாருக்காக எழுதுகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்கு வராத ஒரு பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும். நடந்தது எதுவும் அறியாத அவனுக்குப் புரியும்படி எழுதுங்கள் என்று சொன்னால், "வீடு கட்டினோம்" என்ற ஒற்றை வரி போதாது என்பதை அவர்களே உணர்ந்து, எதனால் கட்டினோம், எப்படி இடிந்தது, யார் அழுதார்கள் என்று நிரப்புவார்கள். ஆசிரியருக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளைகள் நினைப்பதால்தான் ஆசிரியருக்கு எழுதும் கட்டுரைகள் அவ்வளவு குட்டையாக இருக்கின்றன.

இடத்தை முதல் நாளே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். நெருஞ்சி முள்ளைக் காட்டிலும் கவலைப்பட வேண்டியவை அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு, குன்றிமணி ஆகியவை. விளையாட்டுச் சமையலில் விதையை வாயில் போட்டுப் பார்க்கும் வயது இது. புதர்ப் பக்கம் போகாமல், வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: இப்படி வெளியே விளையாட வைப்பது மேல்நாட்டு மோகம், பாடவேளை வீணாகிறது என்று எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பெற்றோரும் அப்படியே நினைக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?
– ஓர் ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

பதில்: டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் வனப் பள்ளி என்ற பெயரில் இப்படி ஒன்று பரவியிருப்பது உண்மைதான். ஆனால் மூத்தவர்களிடம் நற்றிணையின் 172-ஆம் பாடலை எடுத்துக் காட்டுங்கள். தோழியரோடு விளையாடிய சிறுமியர் வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைவிடுகிறது, நெய் கலந்த பாலூற்றி வளர்க்கிறார்கள். இது உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் தங்கை என்கிறாள் தாய். பின்னாளில் காதலன் அந்த மரத்தடிக்கே வந்து சிரித்துப் பேச, தங்கை பார்க்கும்படி உம்மோடு சிரித்துப் பேச நாணுகிறோம் என்கிறாள் தோழி. மணல் விளையாட்டில் தொடங்கிய பாவனையை அம்மா மறுக்காமல் ஏற்றுக்கொண்டதால் அல்லவா அந்தப் பாட்டுக்கு உயிர் வந்தது? அந்தத் தாய் செய்ததைத்தான் ஆசிரியரையும் செய்யச் சொல்கிறோம். சிறுமியர் கட்டும் மணல்வீட்டுக்காகச் சிற்றில் என்று ஒரு பருவத்தையே பிள்ளைத்தமிழில் ஒதுக்கிய மரபு நம்முடையது.

அதிகாரிகளின் மொழியில் பேச வேண்டுமானால், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலையும், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் சுட்டுங்கள். ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் எல்லாம் அதில் பாடத்தின் பகுதிகளாகவே இருக்கின்றன. காரணம் கேட்போருக்கு ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னதைச் சொல்லலாம்: ஒரு குச்சியைக் குதிரையாக ஓட்டும் குழந்தை, ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கும் என்பதைப் பழகுகிறது, தாளில் உள்ள கோடு ஒரு சொல்லைக் குறிப்பதும் அதே வகையான வேலைதான் என்பதால், பாவனை விளையாட்டையும் ஓவியத்தையும் எழுத்தையும் அவர் ஒரே வளர்ச்சியின் படிகளாகக் கண்டார். பெற்றோருக்கோ இந்த விளக்கம் எதுவும் வேண்டாம். பிள்ளை எழுதிய இரண்டு பக்கத்தைப் பெற்றோர் கூட்டத்தில் அவனையே வாசிக்கச் செய்யுங்கள்.

கேள்வி: விளையாடிவிட்டு வந்து எழுதும்போது "வந்துச்சு", "ஓடிப்போச்சு", "பிச்சுக்கிச்சு" என்று எழுதுகிறார்கள். திருத்தவா, விடவா?
– ஓர் ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: முதல் எழுத்தில் விட்டுவிடுங்கள். கதைமாந்தர் பேசும் இடங்களில் எப்போதும் விட்டுவிடுங்கள்; கட்டைவிரல் மனிதர் செந்தமிழில் அலறினால் யார் நம்புவது? கதை சொல்லும் பகுதியை மட்டும், இரண்டாம் முறை படி எடுக்கும்போது, வகுப்பில் எல்லோரும் சேர்ந்து எழுத்து வழக்குக்கு மாற்றலாம். "பிச்சுக்கிச்சு" என்பதற்கு ஈடாக "பிய்த்துக்கொண்டது" என்று ஒருவர் சொல்ல, "கிழிந்தது" என்று இன்னொருவர் சொல்ல, எது சரியாக உட்காருகிறது என்று நடக்கும் வாதமே இலக்கணப் பாடம்தான். சிவப்பு மையைக் கையில் எடுக்க வேண்டாம். ஒற்றுப் பிழைக்கு அஞ்சும் பிள்ளை, தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை வைத்தே கதையை முடித்துவிடும். அரளும், மிரளும், வழுக்கும் சொற்கள் அத்தனையும் வெளியே நின்றுவிடும்.

நன்றாக வந்தவற்றைப் படி எடுத்து, நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் 'ஊஞ்சல்' இதழுக்கு அனுப்பலாம்.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மைதானம் கிடையாது. மகள் இரண்டாம் வகுப்பு. எழுத்தும் இன்னும் வேகப்படவில்லை. எங்களுக்கு ஏதேனும் வழி உண்டா?
– ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: வெயில் தணிந்தபின் மொட்டைமாடி போதும், நீங்கள் உடன் இருந்தால். தண்ணீர்த் தொட்டியின் நிழல் தரையில் விழும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு, அதைத் தீவாக்கி, நிழல் நகர நகரத் தீவும் நகர்கிறது என்று விளையாடுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. இரவு அவள் சொல்லச் சொல்ல, அவள் சொன்ன சொல்லையே மாற்றாமல் நீங்கள் எழுதி, படம் வரைய இடம் விட்டுக் கையில் கொடுங்கள். நாளடைவில் ஒரு வரியை அவள் எழுத, ஒரு வரியை நீங்கள் எழுதலாம். உங்கள் வரி அவள் கதையைத் திசைதிருப்பினால் அடித்துவிடும் உரிமையையும் அவளுக்கே கொடுத்துவிடுங்கள்.