முள்ளோடை தாண்டுனா சம்பளச் செலவு கொறையுமா?

கேள்வி: அண்ணே, கடலூர்ல ஒரு சின்ன பேக்கிங் யூனிட் வெச்சிருக்கேன், 24 பேர் வேலை செய்றாங்க. பாண்டில போட்டா பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் கம்மி, யூனிட்டை பாகூர் பக்கம் மாத்திடுன்னு சம்பந்தி சொல்லிட்டே இருக்காரு. ஆந்திரா, கர்நாடகாவும் சீப்னு கேள்விப்பட்டேன். எந்த மாநிலம் லாபம்?
- கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: கடலூர்க்காரங்க பெட்ரோல் போடக்கூட பாண்டி பக்கம் இருக்குற கன்னியக்கோயில் வரைக்கும் போற ஆளுங்க, சரக்கு வெலையும் தெரிஞ்ச கதைதான், அதனால எல்லைல இருக்குற முள்ளோடை செக்போஸ்ட் தாண்டுனா எல்லாமே கம்மின்னு ஒரு நெனப்பு நமக்கு இருக்கு. பிஎஃப், இஎஸ்ஐ விஷயத்துல அது செல்லாது. ரெண்டும் மத்திய சட்டம், கடலூர்ல என்ன ரேட்டோ அதேதான் பாகூர்லயும், பெங்களூர்லயும், விஜயவாடாவுலயும்.

கணக்கு போட்டே பாத்துடுவோம். ஒரு ஆளுக்கு மாசம் 14,000 குடுக்குறீங்கன்னு வெச்சுக்குங்க, பேசிக்கும் டிஏவும் (பஞ்சப்படி) சேர்த்து. பிஎஃப்க்கு முதலாளி பங்கு 12 சதவீதம், 1,680. பிஎஃப்போட சேர்ந்த இடிஎல்ஐ ஆயுள் இன்ஷூரன்ஸ் அரை சதவீதம் 70, பிஎஃப் நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம் இன்னொரு 70. இஎஸ்ஐ 3.25 சதவீதம், 455. இதுவரைக்கும் 2,275 ஆச்சா? தீபாவளி போனஸை முழுச் சம்பளத்துக்கும் 8.33 சதவீதம்னு போட்டு மாசத்துக்குப் பிரிச்சா 1,166. கிராஜுவிட்டியை நெறைய பேர் மறந்துடுறாங்க, ஆள் வேலையை விட்டுப் போறப்பதானே குடுக்கணும்னு, ஆனா அது மாசாமாசம் ஏறிக்கிட்டே இருக்குற கடன், 4.81 சதவீதம்னு எடுத்து வெச்சா 673. ஆக மொத்தம் 4,114. அதாவது 14,000 சம்பள ஆள் ஒங்களுக்கு 18,114. 24 பேருக்கும் சேர்த்தா சம்பளம் போக மாசம் தொண்ணூத்தெட்டாயிரத்துச் சொச்சம். இதுல ஒரு ரூபா கூட மாநிலத்தைப் பொறுத்து மாறாது.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுறது எதுன்னா, லேபர் வெல்ஃபேர் ஃபண்ட், அதாவது தொழிலாளர் நல நிதி. தமிழ்நாட்டுல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு நூறு ரூபா கூட வராது. 24 பேருக்கும் சேர்த்து வருஷம் ரெண்டாயிரத்து நானூறைத் தாண்டாத சமாச்சாரம், இதுக்காகவா யூனிட்டைத் தூக்கிட்டு அலையப்போறீங்க? தொழில்வரியையும் சிலர் இந்தக் கணக்குல சேர்த்து எந்த ஸ்டேட் கம்மின்னு பேசுவாங்க. அது தொழிலாளி சம்பளத்துல பிடிச்சுக் கட்டுறது, ஒங்க காசே இல்ல, அதுவும் அரசியல் சட்டப்படி ஒருத்தருக்கு வருஷம் 2,500க்கு மேல எந்த மாநிலமும் போட முடியாது.

நெஜமாவே வித்தியாசம் வர்றது குறைந்தபட்சக் கூலிலதான். அதை மாநில அரசுதான் தொழில் வாரியா நிர்ணயம் பண்ணும், புதுச்சேரிக்குத் தனி, நமக்குத் தனி. தமிழ்நாட்டுல ஏப்ரல் 1 வந்தா வெலைவாசிக் குறியீட்டுப்படி டிஏ மாறும், கர்நாடகாவுலயும் ஏப்ரல்லதான். கூலி ஏறுனா மேல சொன்ன சதவீதம் எல்லாம் தானா ஏறும், அதனால மாநிலத்தை ஒப்பிடணும்னா ஒங்க தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, அது போதும். கேரளாவைக் கணக்குலயே எடுக்காதீங்க, கூலி வேலைக்கு அங்க குடுக்குற சம்பளம் தெரிஞ்சுதான் வடக்குலேந்து ரயில் ரயிலா வர்றாங்க.

சரி, அறிவிப்புல பாகூர் பக்கம் கம்மியாவே இருக்குன்னு வெச்சுக்குவோம். அந்த ரேட்டுக்கு ஆள் வருமா? காலைல ஏழு மணிக்கு முள்ளோடைல நின்னு பாருங்க. இந்தப் பக்கத்துலேந்து டிபன் கேரியரோட பாண்டி கம்பெனிக்குப் போற பஸ், அந்தப் பக்கத்துலேந்து கடலூர் சிப்காட்டுக்கு வர்ற பஸ், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகும். ரெண்டு பஸ்லயும் இருக்குறவங்களுக்கு எந்தக் கம்பெனில என்ன சம்பளம்னு ஒங்க அக்கவுண்டன்ட்டை விட நல்லாத் தெரியும். மாசம் ஐநூறு கம்மின்னா அடுத்த வாரம் எதிர் பஸ்ல ஏறிடுவாங்க. எல்லைல இருக்குற ஊருக்கு ஒரே சம்பளம்தான், அதை நிர்ணயம் பண்றது பஸ் ஸ்டாண்டு.

இன்னொண்ணு, மாத்துறதுக்கும் செலவு இருக்கு. எட்டு வருஷமா இருக்குற ஆள் கூட வரமாட்டேன்னு நின்னுட்டா கிராஜுவிட்டி மட்டுமே 14,000த்தை 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, எட்டு வருஷத்துக்கு 64,615 எண்ணி வைக்கணும், மூடுறதுக்கான இழப்பீடு தனி. பாண்டில ஜிஎஸ்டி, லைசென்ஸ் எல்லாம் புதுசா எடுக்கணும். கரண்ட், வாடகை, லாரி வாடகை இதுல லாபம் தெரிஞ்சா போங்க, வேணாம்னு சொல்லல. சம்பளக் கணக்கைக் காட்டி சம்பந்தி சொல்றதுக்காகப் போகாதீங்க. (பாகூர்ல அவருக்கு காலி ஷெட் ஏதாவது இருக்கான்னு நைசா விசாரிங்க.)

கேள்வி: மாஹேல ஒரு கடை தெறக்குறோம். சுத்தி கேரளாவா இருக்கே, கூலி எந்த ஊர் சட்டப்படி?
- காரைக்கால் வாசகர்

பதில்: புதுச்சேரி சட்டப்படிதான். மாஹே கேரளாவுக்குள்ள, ஏனாம் ஆந்திராவுக்குள்ள இருந்தாலும் ரெண்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஆனா ஆள் தலச்சேரிலேந்தும் வடகரைலேந்தும்தான் வருவாங்க, அவங்க கேக்குறது கேரளா சம்பளம். முள்ளோடை கதைதான் அங்கயும், மலையாளத்துல.

கேள்வி: ஜூன் மாசம் இன்க்ரிமென்ட் குடுத்ததுல சூப்பர்வைசர் சம்பளம் இஎஸ்ஐ வரம்பான 21,000த்தைத் தாண்டிடுச்சு. இஎஸ்ஐ பிடிக்கிறதை உடனே நிறுத்தலாமா?
- வில்லியனூர் வாசகர்

பதில்: நிறுத்தக் கூடாது. இஎஸ்ஐ கட்டுறதுக்கு ஏப்ரல் டு செப்டம்பர் ஒரு பீரியட், அக்டோபர் டு மார்ச் இன்னொண்ணு. நடுவுல தாண்டுனா அந்த பீரியட் முடியுற வரைக்கும், அதுவும் ஏறுன முழுச் சம்பளத்துக்கும் கட்டணும். செப்டம்பர் சம்பளம் வரைக்கும் பிடிங்க.