‘சின்ஸ்’ எங்கே, ‘ஃபார்’ எங்கே?

வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதியதை நண்பர் அடித்துத் திருத்திவிட்டார், என்ன தப்பு என்று கேட்டிருந்தீர்கள். தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலில் அந்த ‘சின்ஸ்’. சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அஞ்சு வருஷமாக’ என்று ‘ஆக’ வந்தால் அது கால அளவு, ‘ஃபார்’ போடுங்கள். ‘2019இலிருந்து’, ‘காலையிலிருந்து’ என்று ‘இருந்து’ வந்தால் அது தொடங்கிய நேரம், அங்கேதான் ‘சின்ஸ்’. எனக்கு இது பிடிபட்ட பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. ‘ரொம்ப நாளாக’ என்பதும் அளவுதான், அதனால் ‘ஃபார் எ லாங் டைம்’. ‘சின்ஸ் லாங் டைம்’ என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை.

அடுத்தது வினைச்சொல். இதில்தான் தமிழ்ப் பழக்கம் நம்மை இழுத்துவிடும். ‘அஞ்சு வருஷமாக வேலை பார்க்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். ஆக உங்கள் வரி: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’.

அப்புறம், முடிந்துபோன காலத்துக்கும் ‘ஃபார்’ வரும். ‘ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் டூ இயர்ஸ்’ என்றால் அந்த இரண்டு வருஷம் முடிந்துவிட்டது.