பாசல் அழைப்புக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். காவடியையும் கரும்புத் தோட்டத்தையும் கருவாக வைத்துப் படங்கள் வரைகிறேன். நிஜக் காவடியையே வைத்து ஓர் இன்ஸ்டலேஷனும் (பொருள்களை அமைத்துக் காட்டும் படைப்பு) செய்திருக்கிறேன். போன வருடக் கடைசியில் ஒரு கலை மானியம் கிடைத்தது, முதல் தவணை வந்துவிட்டது. இப்போது ஒரு மின்னஞ்சல்: "ஆர்ட் பாசல் வாரத்தில் சுவிட்சர்லாந்தில் நடக்கும் சர்வதேசக் கலைச் சந்தைக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்." இரண்டு மீட்டர் சுவருக்கு 3,800 யூரோ. பாதியை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம். மானியத்திலிருந்து கட்டலாமா? நான்கு படங்களைச் சுருட்டி, காவடியைப் பிரித்து, என்னோடு விமானத்திலேயே கொண்டுபோனால் சுங்கத்தில் பிரச்சினை வருமா, ஐயா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. வெள்ளிக்கிழமையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கெடு முடிந்ததும் அவர்களே "உங்களுக்காக இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், தள்ளுபடியும் உண்டு" என்று மறுபடி எழுதுவார்கள்.

ஆர்ட் பாசல் 1970இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கேலரிக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கலைச் சந்தை. அதில் இடம் கேட்டு விண்ணப்பிப்பது கேலரி, ஓவியர் அல்ல. கேலரிக்காரர்களே உட்கார்ந்திருக்கும் ஒரு குழு விண்ணப்பங்களைப் பார்த்துச் சிலரை எடுக்கும், நிறையப் பேரைத் தள்ளும். இடம் கிடைத்த கேலரி அரங்கு வாடகை, மரப்பெட்டி, விமானச் சரக்கு, ஓட்டல் எல்லாவற்றையும் தன் கையிலிருந்து போடுகிறது. படம் விற்றால் வழக்கமாகக் கேலரிக்கும் ஓவியருக்கும் பாதிக்குப் பாதி. நம் நாட்டுப் புகழ்பெற்ற ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் படைப்புகள் அங்கே போவதும் இப்படித்தான். ஜோஹன்னஸ்பர்க்கில் 1966இல் தொடங்கிய குட்மன் கேலரி கொண்டுபோகிறது. அவர் உட்கார்ந்து படிவம் நிரப்புவதில்லை. தனி ஓவியர் ஒருவரிடம் "தேர்வாகிவிட்டீர்கள், பணம் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் அது அந்தச் சந்தையிலிருந்து வந்ததல்ல.

கடிதத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். ஆர்ட் பாசலில் உங்கள் படம் தொங்கும் என்று எந்த வரியிலும் இல்லை. அதே ஊரில், அதே வாரத்தில் என்றுதான் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு எதிர் லாட்ஜில் ரூம் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போய்வந்தேன் என்று சொல்கிற கதை இது. டிசம்பரில் மயாமி, பியெனாலே (இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் பெரிய கலைக் கண்காட்சி) நடக்கும் வருடத்தில் வெனிஸ் என்று இதே வித்தை ஊர் ஊராகப் போகும். வாடகைக்கு ஒரு கூடம், நெருக்கி மாட்டிய படங்கள், ஒரு பிடிஎஃப் கேட்டலாக், தங்க முத்திரை போட்ட ஒரு சான்றிதழ். சுவரை வாடகைக்கு விட்டதிலேயே அவர்கள் லாபம் பார்த்தாயிற்று. அப்புறம் வாங்குகிறவர்களைத் தேடிப் பிடித்து அழைத்துவர அவர்களுக்கு என்ன அவசியம்? திறப்பு விழாவில் சுற்றிப் பார்த்தால் ஓவியர்களும் அவர்களோடு வந்த உறவினர்களும்தான் நிற்பார்கள்.

உங்கள் பெயர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்தீர்களா? மானியம் பெற்றவர்களின் பட்டியல் பகிரங்கமாக வெளியாகிறது. பொதுப் பணம் யாருக்குப் போனது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும்தானே, அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலை நம்மைவிட அக்கறையாகப் படிப்பது இந்த ஆட்கள்தான். யார் கையில் இப்போது பணம் இருக்கிறது என்று அதில் அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டு ஆள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நம் ஊரிலேயே "மானிய விண்ணப்பம் எழுதித் தருகிறேன், கிடைத்தால் இருபது சதவீதம்" என்று ஒரு வகைத் தரகர் உலவுகிறார். கோயில் நிகழ்ச்சியில் பார்ப்பீர்கள், நன்றாகப் பேசுவார், வேட்டி பளிச்சென்று இருக்கும். அந்த இருபது சதவீதத்தை நீங்கள் கணக்கில் எந்தத் தலைப்பில் காட்டுவீர்கள்? காட்ட இடமே கிடையாது. அதனால் பொய் பில் ஒன்று எழுத வேண்டி வரும். பொய் பில்லில் கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல. விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமானால் முன்கூட்டியே ஒரு தொகை பேசி, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

மானியத்துக்கு வருகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தோடு ஒரு பட்ஜெட் இணைத்திருப்பார்கள். வண்ணம், கேன்வாஸ், ஸ்டுடியோ வாடகை என்று எழுதியிருந்தால் அதற்குத்தான் அந்தப் பணம். எழுத்தில் சம்மதம் வாங்காமல் சுவர் வாடகைக்குத் திருப்பினால் அடுத்த தவணை நிற்கும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கேட்பார்கள். இன்னொன்று, கணக்கில் வந்து விழாத தவணையை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2021இல் நடந்தது நினைவிருக்கும். கோவிட் நிவாரணத்துக்காக தேசியக் கலை மன்றத்திடம் 30 கோடி ராண்ட் கொடுத்தார்கள். இருந்ததைவிட அதிகமாக அனுமதித்துவிட்டு, ஒப்பந்தம் போட்டவர்களுக்கே தொகையைக் குறைத்தார்கள். கலைஞர்கள் ஜோஹன்னஸ்பர்க் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து வாரக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. சந்தைக்காரர்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே இடத்தை முடித்துவிடுகிறார்கள். பணம் கொடுக்கிறவர்களோ "உறுதிக் கடிதம் கொண்டு வா, பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். உறுதிக் கடிதம் வேண்டுமென்றால் முன்பணம் கட்ட வேண்டும். இந்தச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டவர்தான் அவசரத்தில் 3,800 யூரோக்காரரிடம் போய் விழுகிறார். சரி, இதை நான் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்.

ஓவியரிடமே கட்டணம் வாங்குகிற நேர்மையான சந்தைகளும் உண்டு. லண்டனில் 2011இல் தொடங்கிய தி அதர் ஆர்ட் ஃபேர் கேலரி இல்லாதவர்களுக்காகவே நடக்கிறது. விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு உண்டு, அரங்குக்குக் கட்டணம் உண்டு, பொதுமக்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். கட்டணம் எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அங்கே போவது வியாபாரச் செலவு, கௌரவம் அல்ல. சொந்தப் பணம் இருந்தால் யோசிக்கலாம்.

இனி சுங்கம். பாசல் போகாவிட்டாலும் ஒரு நாள் வேறெங்காவது போவீர்கள், ஆகவே சொல்லி வைக்கிறேன். 1999ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தின்படி ஏற்றுமதி அனுமதி வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். உயிரோடு இருக்கிற ஓவியர் தன் சொந்தப் படத்தை எடுத்துப் போக அது தேவையில்லை. "சொந்தச் சாமான், மதிப்பு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று விவரம் தெரிந்தவர் மாதிரி ஒருவர் சொல்வார், அதையும் கேட்காதீர்கள். மதிப்பில்லை என்று எழுதிய படம் தொலைந்தால் இன்ஷூரன்ஸ்காரர் உங்கள் வார்த்தையையே உங்களிடம் திருப்பிக் காட்டுவார்.

காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் படங்களை வரி கட்டாமல் கொண்டுபோக ஏடிஏ கார்னே என்று ஒரு ஆவணம் இருக்கிறது. வணிகச் சபை வழியாக, ஒரு பிணைத் தொகை வைத்து வாங்க வேண்டும். ஒரு வருடம் செல்லும். போகும்போது இங்கே ஒரு முத்திரை, அங்கே இறங்கும்போது ஒன்று, கிளம்பும்போது ஒன்று, வீட்டுக்கு வரும்போது ஒன்று. ஒரு முத்திரை விட்டுப்போனாலும் அந்த நாட்டு வரி உங்கள் பிணையிலிருந்து போகலாம். பாசல் விமான நிலையம் பிரான்ஸ் மண்ணில் இருக்கிறது. அதிலிருந்து வெளியேற பிரெஞ்சு வாசல் வேறு, சுவிஸ் வாசல் வேறு. தூக்கக் கலக்கத்தில் தப்பான வாசலில் போனால் கார்னேயில் வேறு நாட்டு முத்திரை. படம் அங்கேயே விற்றுவிட்டால் கார்னே காப்பாற்றாது. அந்த நாட்டு வரியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் படத்தைக் கொடுக்க வேண்டும். விற்ற பணமும் உங்கள் வங்கி வழியாக இந்த நாட்டுக்கு வந்தாக வேண்டும், லண்டன் மச்சான் கணக்கில் தங்கக் கூடாது. கார்னே இல்லாமல் போனால் புறப்படும் முன் நம் வரித்துறையான சார்ஸின் சுங்க அதிகாரியிடம் படங்களைக் காட்டி டிஏ 65 படிவத்தில் பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது உங்கள் படத்துக்கே 15 சதவீத வாட் வரி கேட்பார்கள்.

எனக்கு உண்மையில் பயம் உங்கள் கேன்வாஸைப் பற்றி அல்ல, காவடியைப் பற்றி. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் மயில் இறகு, காய்ந்த சாமந்தி மாலை, நூலில் கோத்த எலுமிச்சை, தேங்காய் எல்லாம் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அதிகாரி இருக்கிறார். முதலில் மயில் இறகு. இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்ததா? அங்கிருந்து மயில் தோகையை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இங்கேயே பொறுக்கியது என்றால் அதற்கு வேறு சிக்கல். பறவைக் காய்ச்சல் பயத்தால் பதப்படுத்தாத இறகை ஐரோப்பாவில் சும்மா உள்ளே விடமாட்டார்கள். 2023இல் நம் நாட்டுக் கோழிப் பண்ணைகள் பட்ட பாட்டை அவர்களும் படித்திருப்பார்கள். எலுமிச்சை அதைவிட மோசம். நம் நாட்டு எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் வரும் கரும்புள்ளி நோயைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தோடு பல வருடத் தகராறு. 2024இல் உலக வணிக அமைப்பு வரை போயிற்று. அந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு சரம் எலுமிச்சையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் இறங்காதீர்கள். இதில் ஒரு வேடிக்கை: ஐரோப்பிய விதிகளில் தாவரச் சான்றிதழ் தேவைப்படாத ஐந்து பழங்கள் உண்டு. அன்னாசி, வாழை, பேரீச்சை, டூரியன், அப்புறம் தேங்காய். முருகன் அருளால் தேங்காய் தப்பித்தது.

ஆகவே காவடியில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போடுங்கள்: மரம் எது, இறகு எங்கிருந்து, மஞ்சள் தோய்த்த துணியா. இறங்குகிற நாட்டில் சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் பட்டியலைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். எலுமிச்சையையும் பூவையும் அந்த ஊர்ச் சந்தையில் புதிதாக வாங்கிக் கோத்துக்கொள்ளலாம், படைப்புக்கு ஒன்றும் குறையாது. மரப்பெட்டி செய்தால் வெப்பத்தில் பதப்படுத்தி, கோதுமைக் கதிர் முத்திரை அடித்த மரமா என்று பாருங்கள். அந்த முத்திரை இல்லாமல் பெட்டி திரும்பி வந்ததுண்டு, உள்ளே இருந்த படத்தோடு.

இப்போது செய்ய வேண்டியது. மானியம் கொடுத்தவர்களுக்கு எழுதுங்கள்: பட்ஜெட்டில் போக்குவரத்து என்று ஒரு தலைப்பு சேர்க்க முடியுமா, எந்தத் தொகையை மாற்றுகிறீர்கள், ஏன். பதில் வர நாளாகும், அதனால் இந்த வாரமே அனுப்புங்கள். எழுத்தில் சம்மதம் வந்தால் அந்தப் பணத்தில் பிப்ரவரியில் கேப் டவுன் சந்தைக்கும் செப்டம்பரில் ஜோஹன்னஸ்பர்க் சந்தைக்கும் பார்வையாளராகப் போய்வாருங்கள். லண்டனில் 2013இல் ஆப்பிரிக்கக் கலைக்கென்றே தொடங்கிய 1-54 சந்தைக்குப் போகிற கேலரிக்காரர்களில் சிலரை அங்கேயே பார்க்கலாம். அவர்களிடம் படத்தை விரித்துக் காட்ட வேண்டாம். அரங்கில் விற்பனை நடக்கும்போது அது எரிச்சலூட்டும். விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு, சந்தை முடிந்த பிறகு ஆறு படங்களோடு எழுதுங்கள். அதற்குள் டர்பன் கிளென்வுட்டில் இருக்கும் கேஇசட்என்எஸ்ஏ (குவாசுலு-நடால் கலைச் சங்கம்) கேலரிக்கு உங்கள் வேலையை ஒரு தடவையாவது காட்டியிருக்க வேண்டும். டர்பனில் யாருக்கும் தெரியாத ஓவியரை லண்டனுக்குக் கொண்டுபோகக் கேலரிகள் தயங்கும்.

ஒரு கேலரி சம்மதித்து வந்தால் சந்தோஷத்தில் படங்களைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் படம், என்ன விலை, தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து, விற்ற எத்தனை நாளில் பணம், விற்காத படம் எந்தத் தேதிக்குள் டர்பனுக்குத் திரும்ப வர வேண்டும், திரும்பி வரும் சரக்குக் கட்டணம் யாருடையது என்று ஒரே பக்கத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கடைசிச் செலவில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். போகும் செலவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், விற்காமல் திரும்புகிற படத்தைப் பற்றி அந்தச் சமயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.