பைபாஸ் முடிந்து ஒரு வருடம் ஆனதும் ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

உங்கள் அப்பாவுக்கு பைபாஸ் ஆகி பதினோரு மாதம், ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75 ரெண்டும் ஓடுகிறது, கை எங்கேயாவது லேசாக இடித்தாலே நீலமாகிவிடுகிறது, வருடம் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. செங்கோட்டைக்காரன். எங்கள் அப்பாவுக்கும் நாலு வருடம் முன்னால் திருவனந்தபுரத்தில் பைபாஸ் நடந்தது, இதே குழப்பத்தில் நாங்களும் விழுந்து எழுந்தோம்.

சாதாரணமாக குளோபிடோக்ரலுக்குத்தான் கெடு உண்டு, ஆஸ்பிரினுக்குக் கிடையாது. ஹார்ட் அட்டாக் வந்து அதன் பிறகு பைபாஸ் செய்தவர்களுக்கு ரெண்டையும் பன்னிரண்டு மாதம் கொடுத்துவிட்டு அப்புறம் குளோபிடோக்ரலை நிறுத்துவார்கள். ஆஸ்பிரின் உயிர் உள்ளவரை. அட்டாக் வராமல் செய்தவர்களில் பலருக்கு ஆரம்பத்திலிருந்தே ஆஸ்பிரின் மட்டும்தான். நிறுத்துகிற தேதியை ஆபரேஷன் செய்த டாக்டரோ இதய டாக்டரோ சொல்ல வேண்டும், சித்தப்பா இல்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் மலையாளத்தில், "ஒரு கொல்லம் கழிஞ்ஞால் ஒரெண்ணம் நிர்த்தாம், மற்றேது ஸ்திரமாயிட்டு கழிக்கணம்" என்றார். கொல்லம் என்றால் வருடம், மருந்து கழிப்பது என்றால் சாப்பிடுவது. கூட நின்ற திருநெல்வேலி சித்தப்பாவுக்குக் கொல்லம் என்றால் ரயில் போகிற ஊர், கழிக்கணும் என்றால் தூரப் போடணும்! அவரை விடுங்கள், அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், புனலூர், ஆரியங்காவு என்று அலைந்து மலையாளம் சரளமாகப் பேசுவார். அவர் மனதிலேயே "ஒரு கொல்லம், நிர்த்தாம்" மட்டும்தான் தங்கியிருக்கிறது. வருடம் முடிந்த மறுநாளே யாரிடமும் சொல்லாமல் ரெண்டையும் விட்டுவிட்டார். ஆஸ்பிரின் அட்டை அப்படியே கிடப்பதை ஒன்பதாவது நாள்தான் அம்மா பார்த்தாள். போன் செய்தோம், நன்றாகத் திட்டு விழுந்தது, அன்றைக்கே ஆஸ்பிரினை மறுபடி ஆரம்பித்தோம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஒன்பது நாள் ஏன் பயமுறுத்தியது என்றால், டெங்கு வந்தால் குறைந்துவிட்டது என்று பதறுகிறோமே, ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை உறைய வைக்கிற அதே பிளேட்லெட்டில்தான் ஆஸ்பிரின் வேலை செய்கிறது. ஒரு பிளேட்லெட்டின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஆஸ்பிரின் பட்ட பிளேட்லெட் சாகும்வரை ஒழுங்காக ஒட்டிக்கொள்ளாது, ஆனால் உடம்பு தினமும் பத்தில் ஒரு பங்கு புதிதாக உண்டாக்குகிறது. ஒன்பது நாள் விட்டால் ஏறக்குறைய எல்லாமே புதுசு, மருந்தின் பலன் போயே போச்சு.

பைபாஸில் நெஞ்சுக்கூட்டு ரத்தக்குழாய் ஒன்றை இதயத்தின் முன்பக்கக் குழாயில் சேர்ப்பார்கள், அது கெட்டி; பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும் என்கிறார்கள். மற்ற அடைப்புகளுக்குப் பெரும்பாலும் காலிலிருந்து எடுத்த சிரை. மெதுவாக ரத்தம் ஓடிப் பழகிய குழாய் அது, திடீரென்று தமனியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. உள்சுவர் காயப்பட்டு முதல் மாதங்களில் ரத்தம் உறைந்து அடைக்கும், பிறகு சுவர் தடித்துக் கொழுப்பு படியும். பத்து வருடத்தில் கிட்டத்தட்ட பாதி சிரைகள் அடைத்துவிடுகின்றன. அதனால்தான் ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே ஆஸ்பிரினை ஆரம்பிக்கிறார்கள். (இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார், ஏதோ தானே கூட நின்று செய்த மாதிரி.)

இன்னொரு பொறி, கூட்டு மாத்திரை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரே மாத்திரையில் வரும். ஈகோஸ்பிரின் கோல்டு மாதிரியானவற்றில் கொழுப்பு மாத்திரையும் சேர்ந்திருக்கும். குளோபிடோக்ரலை நிறுத்துகிறோம் என்று அந்த அட்டையைத் தூக்கிப் போட்டால் மூன்றும் நின்றுவிடும். கேரள எல்லையில் இருக்கும் புளியரை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் எழுதிய சீட்டை இந்தப் பக்கம் மெடிக்கலில் காட்டினால் வேறு கம்பெனி மாத்திரை தருவார்கள், அதனால் பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள்.

ரெண்டு மாத்திரையும் சேர்ந்து ஓடும்போது தோலில் சின்னச் சின்ன நீலம் வருவது சகஜம்தான், ஆனாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி வந்தால், தலையில் அடிபட்டால், பேச்சு குழறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றுக்கான மாத்திரையை அலட்சியமாக விடாதீர்கள். அப்பாவுக்கு பான்டோப்ரசோல்தான் எழுதியிருந்தார்கள், ஒமிப்ரசோல் குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும் என்பதால். மூட்டு வலிக்குக் கடையில் தானாக ஐபுபுரூபன் வாங்கிப் போடக் கூடாது. காய்ச்சல் என்றால் முதல் வேலையாக டாக்டரிடம் இந்த மாத்திரைகளைச் சொல்லுங்கள், டெங்குவாக இருந்தால் முடிவே மாறலாம்.

பல் பிடுங்க ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னால் அப்படியே நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் நிறுத்தாமலே பஞ்சை அழுத்தி, தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிட முடியும். பல் டாக்டரை இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

கீரை சாப்பிடக் கூடாது, அடிக்கடி ரத்தம் டெஸ்ட் பண்ணணும் என்று தெருவில் யாராவது சொல்வார்கள். செயற்கை வால்வு வைத்து வார்ஃபரின், அசிட்ரோம் என்ற வேறு வகை ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கான பேச்சு அது. உங்கள் அப்பா அகத்திக்கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அடுத்த செக்கப்பில் எந்த மருந்து எந்தத் தேதியோடு நிற்கும், எது நிற்காது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு ஆஸ்பிரினைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். செராக்ஸ் எடுத்து பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறோம், சித்தப்பா வந்தால் கண்ணில் படுகிற மாதிரி.