வெதெனோ: செச்சன்ய மலையூர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: வெதெனோ எங்கே இருக்கிறது சார்?

பதில்: ரஷ்யாவின் தெற்கிலுள்ள செச்சன்யக் குடியரசின் தலைநகர் குரோஸ்னியிலிருந்து தென்கிழக்கே போக வேண்டும். செர்ஜென்-யூர்த் வரைக்கும் சமவெளி. அப்புறம் ஹுல்ஹுலாவ் ஆற்றை ஒட்டிப் பள்ளத்தாக்கு வழியாக மலைக்குள் ஏறினால் வெதெனோ வந்துவிடும். அந்தப் பக்கம் அண்டைக் குடியரசான தாகெஸ்தானின் எல்லை.

கேள்வி: இவ்வளவு சின்ன ஊரை இமாம் ஷாமில் ஏன் தலைநகராக்கினார்?

பதில்: 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசை எதிர்த்துப் போரிட்ட மலை முஸ்லிம்களின் தலைவர் ஷாமில். காட்டை நம்பித்தான் இங்கே வந்தார். அதற்கு முன் அவருடைய தலைநகர் பக்கத்திலுள்ள தார்கோ. 1845-இல் ரஷ்யத் தளபதி வரன்சோவ் பெரும்படையோடு அங்கே வந்தார். ஷாமில் ஊருக்குத் தானே தீ வைத்துவிட்டு விலகிக்கொண்டார். ஊர் ரஷ்யர் கையில், சுற்றியுள்ள பீச் மரக்காடு ஷாமில் கையில். உணவு தீர்ந்துபோய், வந்துகொண்டிருந்த உணவு வண்டிகளை எதிர்கொள்ள ஒரு படைப்பிரிவு காட்டுக்குள் திரும்பிப் போனது. வெட்டிச் சாய்த்த மரங்கள் வழியை மறிக்க, போகும்போதும் அடி, வரும்போதும் அடி. இரண்டு ஜெனரல்கள் அங்கேயே மாண்டார்கள். அதன் பிறகுதான் ஷாமில் வெதெனோவில் குடியேறினார்.

கேள்வி: அப்படியானால் 1859-இல் வெதெனோ எப்படி விழுந்தது?

பதில்: கோடாலியால். பட்டபாட்டில் ரஷ்யர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். வருடக்கணக்கில் மரங்களை வெட்டி, அகலமான பாதை போட்டுக்கொண்டே முன்னேறினார்கள். ஒளிய இடமில்லாமல் போன கிராமங்கள் ஒவ்வொன்றாகப் பணிந்தன. ஏப்ரலில் ரஷ்யத் தளபதி யெவ்தகீமவ் வெதெனோவைப் பிடித்தார். சில மாதங்களில் ஷாமில் தாகெஸ்தானின் குனீபில் சரணடைந்தார். இந்தப் போரை வீரக்கதையாக மட்டும் சொல்பவர்கள் மரங்களை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறை.

கேள்வி: ஷாமில் செச்சனியர்தானே?

பதில்: இல்லை, தாகெஸ்தானின் கிம்ரியில் பிறந்த அவார் இனத்தவர்.

கேள்வி: ஜார்ஜிய இளவரசிகள் வெதெனோவில் சிறையிருந்தது உண்மையா அண்ணா?

பதில்: உண்மை. 1854-இல் ஷாமிலின் ஆட்கள் ஜார்ஜியாவின் சினந்தாலி மாளிகையிலிருந்து பிடித்து வந்து ஷாமிலின் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். 1855 மார்ச்சில் 40,000 ரூபிளோடு ஷாமிலின் மூத்த மகன் ஜமாலுத்தீனையும் கொடுத்து மீட்டார்கள். 1839-இல் சிறுவனாக ரஷ்யரிடம் பிணையாகப் போனவர் ஜமாலுத்தீன். வளர்ந்தது பீட்டர்ஸ்பர்க்கில், வேலை ரஷ்யப் படையில். திரும்பி வந்தபின் மலை வாழ்க்கை ஒட்டவில்லை. காசநோயில் 1858-இல் இறந்தார். வெதெனோ வரலாற்றிலேயே என்னை அதிகம் வருத்துவது இவர் கதைதான்.

கேள்வி: 1944-இல் ஊர் என்ன ஆனது?

பதில்: பிப்ரவரி 23 அன்று செச்சனியர், இங்குஷ் மக்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேரை மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தும் வேலையை ஸ்டாலின் அரசு தொடங்கியது. காலியான வெதெனோ மாவட்டம் தாகெஸ்தானோடு சேர்க்கப்பட்டது. மலையிலிருந்த அவார்களை இறக்கி அந்த வீடுகளில் குடியேற்றினார்கள். அவர்களும் விரும்பி வந்தவர்கள் இல்லை. 1957-லிருந்து செச்சனியர் திரும்ப, பலர் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

கேள்வி: பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: கெசெனாயாம் ஏரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரம், 70 மீட்டருக்கு மேல் ஆழம். போகும் வழியில் ஹராச்சோய். ஜார் அதிகாரிகளை ஆட்டிவைத்து 1913-இல் சுட்டுக்கொல்லப்பட்ட செச்சனியக் கிளர்ச்சிக் கொள்ளையர் செலிம்கானின் ஊர் அது. அவருக்கு அங்கே நினைவுச்சின்னமும் உண்டு.